அடிமை ஒழிப்பு இழப்பீடு (பிரித்தானியப் பேரரசு, 1833)

பிரித்தானியப் பேரரசில் அடிமைமுறையை ஒழிக்க 1833 ஆகஸ்ட் 28 அன்று ஒப்புதல் பெற்ற சட்டத்தின்படி, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு வழங்கப்பட்ட 2 கோடி பவுண்டு நட்டஈடு அடிமை ஒழிப்பு இழப்பீடு எனப்படுகிறது. அந்நாளில் பிரித்தானிய அரசின் ஓராண்டுச் செலவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டுக்கு ஈடான தொகை இது. கரீபியத் தீவுகள், பிரிட்டிஷ் கயானா, மொரீசியஸ், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதி ஆகியவற்றில் விடுவிக்கப்பட்ட ஏறத்தாழ 8 லட்சம் பேருக்கு இதில் ஒரு காசும் கிடைக்கவில்லை. நிலமும் தரப்படவில்லை. மேலும் சில ஆண்டுகள் பழைய உரிமையாளரிடமே கூலியின்றி உழைக்க வேண்டும் என்ற கட்டாயம்தான் அந்தச் சட்டத்தின் வழியே அவர்களுக்கு வந்து சேர்ந்தது.

பின்னணி

பிரித்தானியக் கப்பல்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அட்லாண்டிக் கடல் வழியே ஏற்றிச் சென்றவர்களின் எண்ணிக்கை 30 லட்சத்துக்கும் மேல். அவர்களில் பல லட்சம் பேர் கரை சேரவே இல்லை. சட்டத்தின் கண்ணில் அவர்கள் சரக்கு. 1781இல் சோங் என்ற கப்பலில் தண்ணீர் போதாது என்று சொல்லி 130க்கும் மேற்பட்டோரைக் கடலில் தள்ளிக் கொன்றார்கள். 1783இல் லண்டன் நீதிமன்றத்துக்கு வந்தபோது அது கொலை வழக்காக வரவில்லை. இழந்த சரக்குக்குக் காப்பீட்டுத் தொகை கேட்கும் வழக்காக வந்தது. அரை நூற்றாண்டு கழித்து நாடாளுமன்றம் நட்டஈட்டை யாருக்குக் கொடுத்தது என்பதைப் புரிந்துகொள்ள இந்த வழக்கே போதும்.

அடிமை வணிகம் 1807இல் தடை செய்யப்பட்டது. ஆனால் ஏற்கெனவே தோட்டங்களில் இருந்தவர்கள் அடிமைகளாகவே நீடித்தார்கள். ஒழிப்பின் வரலாற்றை வில்பர்ஃபோர்ஸ் போன்ற லண்டன் சீர்திருத்தவாதிகளின் கருணையாக மட்டும் சொல்வது வழக்கமாகிவிட்டது. அவர்களின் உழைப்பு உண்மையானது, ஆனால் கதை அங்கே முடிவதில்லை. 1823இல், பின்னர் பிரிட்டிஷ் கயானாவின் பகுதியான டெமராராவில் கிளர்ச்சி வெடித்தது. 1831 டிசம்பரில் ஜமைக்காவில், கிறித்தவ சபை ஊழியரும் அடிமையுமான சாம் ஷார்ப், கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பின் கூலி தந்தால் மட்டுமே வேலை என்று வேலைநிறுத்தம் ஏற்பாடு செய்தார். 27ஆம் தேதி இரவு கென்சிங்டன் தோட்டத்தில் தீ எழுந்ததும் அது பெருங்கிளர்ச்சியாக மாறியது. தீவின் ஏறத்தாழ 3 லட்சம் அடிமைகளில் 60,000 பேர்வரை பங்கேற்றதாகக் கணக்கிடுகிறார்கள். 300க்கும் மேற்பட்டோருக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது. ஷார்ப் 1832 மே 23 அன்று தூக்கிலிடப்பட்டார். அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. ஒழிப்பைத் தள்ளிப்போட்டால் தீவுகளையே இழக்க நேரும் என்ற அச்சம் லண்டனை விரைவுபடுத்தியது.

தலைக்கு ஒரு விலை

நட்டஈட்டைப் பங்கிட லண்டனில் ஆணையர்கள் அமர்த்தப்பட்டார்கள். ஒவ்வொரு குடியேற்றத்திலும் 1822 முதல் 1830 வரை அடிமைகள் விற்கப்பட்ட சராசரி விலையை அவர்கள் அடிப்படையாகக் கொண்டார்கள். மனிதர்கள் வகை பிரிக்கப்பட்டார்கள்: மேஸ்திரிகள், கைத்தொழிலாளர், வயல் வேலைக்காரர், அவர்களில் திறன் குறைந்தோர், வீட்டு வேலைக்காரர், ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியோரும் நோயாளிகளும். ஒவ்வொரு வகைக்கும் ஒரு விலை. சர்க்கரை நன்றாக விளையும் புதுமண் கொண்ட பிரிட்டிஷ் கயானாவில் ஒருவருக்குச் சராசரியாக ஏறத்தாழ 50 பவுண்டு கிடைத்தது. ஜமைக்காவில் 20 பவுண்டு அளவில்தான். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை உடனே விடுவித்த சட்டம், அவர்களுக்காகவும் உரிமையாளருக்குப் பணம் கொடுத்தது.

மொத்தம் ஏறத்தாழ 46,000 கோரிக்கைகள் பதிவாயின. தீவுகளையே பார்த்திராத லண்டன் செல்வர்கள் மட்டுமின்றி, ஓரிரு அடிமைகளை வாடகைக்கு விட்டு வாழ்ந்த விதவைகளும், பாதிரிமார்களும், நாடாளுமன்ற உறுப்பினர்களும் கோரினார்கள். பிரித்தானியாவிலேயே வாழ்ந்த ஏறத்தாழ 3,000 பேருக்கு மொத்தத் தொகையில் பாதி அளவு போய்ச் சேர்ந்தது. பிற்காலத்தில் பிரதமரான வில்லியம் கிளாட்ஸ்டனின் தந்தை ஜான் கிளாட்ஸ்டன் 2,508 பேருக்காக 1,06,769 பவுண்டு பெற்றார். 1823இன் டெமராரா கிளர்ச்சி தொடங்கியது அவருடைய தோட்டம் ஒன்றில்தான். பார்படோசின் காட்ரிங்டன் தோட்டங்களை நடத்திய ஆங்கிலிக்கன் சமயப் பரப்புச் சங்கம் 411 பேருக்காக 8,823 பவுண்டு பெற்றது. அதே தோட்டங்களில் ஒரு காலத்தில் அடிமைகளின் மார்பில் ‘சொசைட்டி’ என்ற சொல்லைச் சூடு போட்டிருந்தார்கள். 2006இல் இங்கிலாந்துத் திருச்சபை இதற்காக மன்னிப்புக் கேட்டது.

இந்தப் பட்டியல்களை லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் ஆய்வாளர்கள் 2009 முதல் தொகுத்து, யாரும் தேடிப் பார்க்கும்படி வெளியிட்டிருக்கிறார்கள். தோட்டத்தில் சம்பாதித்த செல்வம் எந்தக் குடும்பத்துக்குள், எந்த வங்கிக்குள், எந்த ரயில் பாதைக்குள் போனது என்பதை ஊகமாக இல்லாமல் பெயரோடும் தொகையோடும் பேச முடிவது இந்த உழைப்பால்தான்.

பயிற்சி என்ற பெயரில்

1834 ஆகஸ்ட் 1 அன்று சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஆனால் வயல் வேலைக்காரர்கள் ஆறு ஆண்டுகளும் மற்றவர்கள் நான்கு ஆண்டுகளும் ‘பயிற்சித் தொழிலாளர்’களாகப் பழைய உரிமையாளரிடமே, வாரத்துக்கு 45 மணி நேரம்வரை கூலியின்றி உழைக்க வேண்டியிருந்தது. பிறந்தது முதல் கரும்பு வெட்டியவர்களுக்கு என்ன பயிற்சி தேவைப்பட்டது? அன்றைய தினமே டிரினிடாட்டின் ஆளுநர் மாளிகை முன் கூடிய மக்கள் இந்த ஆறு ஆண்டுகளை ஏற்க மறுத்துக் குரல் எழுப்பினார்கள். சவுக்கு உரிமையாளரின் கையிலிருந்து நீதிபதிகளின் ஆணைக்கு மாறியது. தண்டனைக் கூடங்களில் மிதிசக்கரம் சுழன்றது. ஜமைக்காவிலிருந்து லண்டன் வந்த ஜேம்ஸ் வில்லியம்ஸ் என்ற இளைஞர் அந்தக் கூடங்களில் தான் பட்டதைச் சொல்லி 1837இல் வெளியிட்ட சிறுநூல் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. இந்தப் பயிற்சி முறை 1838 ஆகஸ்ட் 1 அன்று முன்கூட்டியே கைவிடப்பட்டது.

விடுதலைக்குப் பின்

விடுபட்டவர்கள் தோட்டத்தை விட்டு விலகத் துடித்தார்கள். 1839இல் பிரிட்டிஷ் கயானாவில் 83 பேர் தங்கள் சேமிப்பைச் சேர்த்துக் கைவிடப்பட்ட ஒரு தோட்டத்தை வாங்கி விக்டோரியா என்ற ஊரை அமைத்தார்கள். அடிமைமுறையின்போது கிடைத்த ஓய்வு நேரத்தில் காய்கறி விளைவித்து விற்றுச் சேர்த்த காசும் அதில் இருந்தது. நட்டஈடு பெறாதவர்கள் தங்கள் விடுதலையைத் தங்கள் பணத்தில் கட்டியெழுப்பியதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தோட்டத் துரைகள் புதிய கைகளைத் தேடினார்கள். கரீபியப் பகுதியில் அதில் முந்தியவர் மீண்டும் ஜான் கிளாட்ஸ்டன். 1836இல் கல்கத்தாவின் ஒரு வணிக நிறுவனத்துக்குக் கடிதம் எழுதி ஆள் கேட்டார். 1838 மே 5 அன்று விட்பி, ஹெஸ்பரஸ் என்ற இரு கப்பல்கள் இந்திய ஒப்பந்தக் கூலிகளுடன் பிரிட்டிஷ் கயானாவை அடைந்தன. மொரீசியஸ் 1834இலேயே இதைத் தொடங்கிவிட்டது. 1845க்குப் பின் சென்னைத் துறைமுகத்திலிருந்து தமிழரும் தெலுங்கரும் கயானாவுக்குச் சென்றார்கள். அங்கே இன்றும் ‘மதராசி’ மரபில் நடக்கும் அம்மன் வழிபாடு அவர்கள் கொண்டுபோனது. ஆள் வரவழைக்கும் செலவில் ஒரு பகுதி குடியேற்றத்தின் பொது வருவாயிலிருந்து கொடுக்கப்பட்டது. அதாவது விடுபட்ட ஆப்பிரிக்கர்கள் கட்டிய வரி, அவர்களின் கூலியைக் குறைக்கும் ஏற்பாட்டுக்கே செலவானது. இரு இனத்தாரிடையே பின்னாளில் வளர்ந்த பகைக்கு இங்கே ஒரு வேர் இருக்கிறது.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பகுதிகளையும் இலங்கையையும் 1833 சட்டம் விலக்கி வைத்திருந்தது. இந்தியாவில் 1843இல் வந்த 5ஆம் எண் சட்டம், அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்கக் கூடாது என்றது. தஞ்சை வயல்களில் நிலத்தோடு கட்டுண்டிருந்த பண்ணையாட்களுக்கு நிலமோ ஈடோ அதுவும் தரவில்லை. கடனும் சாதியும் அவர்களை அதே வரப்பில் நிறுத்தின.

கடனின் நீட்சி

நட்டஈட்டில் ஒன்றரைக் கோடி பவுண்டை அரசு 1835இல் நேதன் ராத்ஸ்சைல்டு, மோசஸ் மான்டிஃபியோரி ஆகியோரின் குழுவிடம் கடனாகத் திரட்டியது. அது பிற அரசுக் கடன்களோடு கலந்து, 2015இல்தான் முழுமையாகத் தீர்க்கப்பட்டது. 2018இல் பிரித்தானிய நிதித்துறை இதைப் பெருமையாக ட்விட்டரில் அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் பதிவை நீக்கியது. ஏனெனில் கரீபியத்திலிருந்து வந்து பிரித்தானியாவில் உழைத்து வரி கட்டிய அடிமை வழித்தோன்றல்களும் அந்தக் கடனை அடைத்தவர்களில் அடங்குவர். கரீபிய நாடுகளின் கூட்டமைப்பு 2013இல் ஈடுகோரும் ஆணையம் அமைத்து, மறு ஆண்டு பத்து அம்சக் கோரிக்கையை முன்வைத்தது. முறையான மன்னிப்பு, பொதுச் சுகாதாரம், கடன் தள்ளுபடி ஆகியவை அதில் உண்டு. அடுத்தடுத்து வந்த பிரித்தானிய அரசுகள் பண ஈட்டுக்கு இணங்கவில்லை.