மூன்று விநாடி அவகாசம்

தீபாவளி அன்று விடியற்காலை நாலு மணிக்கு என்னைத் தேடிக் கண்டுபிடிப்பது எங்கள் வீட்டில் ஒரு சடங்கு மாதிரி. எண்ணெய்க் கிண்ணத்தோடு பாட்டி கூப்பிட்டுக்கொண்டே இருப்பார். நான் அரிசி மூட்டைக்கும் சுவருக்கும் நடுவே, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தெருவில் யாரோ சரவெடியைக் கொளுத்திப் போட்டிருப்பார்கள்.

அதே நான், சாயங்காலம் ஏழு மணிக்கு மொட்டை மாடியில் எல்லோருக்கும் முன்னால் நிற்பேன். கையில் கம்பி மத்தாப்பு!

''அப்போ காலையில அழுததெல்லாம் நடிப்பாடா?'' என்பார் மாமா.

எனக்கும் பதில் தெரியாது. நாற்பத்திரண்டாவது வயதில் ஒரு டாக்டர், 'உங்களுக்கு ஆட்டிசம் இருக்கிறது' என்று சொல்லும் வரை தெரியாது. சொன்ன பிறகு பழைய சமாச்சாரங்களைத் தேடிப் படித்தால்... மாமாவின் கேள்விக்கு ஒரு மனிதர் 1943-லேயே பதில் எழுதி வைத்திருக்கிறார்!

அவரிடம் போவதற்கு முன், வாணவேடிக்கை எங்கிருந்து வந்தது என்று ஒரு நடை பார்த்துவிடலாம்.

'வேடிக்கை' என்றால் நமக்குப் பார்க்கிற விஷயம். யாரும் வேடிக்கை கேட்பதில்லை. ஆகவே ஆதியில் வெளிச்சம்தான் இருந்திருக்கும், இந்தச் சத்தம் நடுவில் புகுந்தது என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். வரலாறு என் கட்சிக்கு எதிராகச் சாட்சி சொல்கிறது. வெடிமருந்து பிறப்பதற்கு முன்பே சீனர்கள் பச்சை மூங்கிலை நெருப்பில் போட்டு 'பட் பட்'டென்று வெடிக்க வைத்தார்கள். துஷ்ட ஆவிகள் ஓட வேண்டுமாம். சுமார் ஒன்பதாம் நூற்றாண்டில் அங்கேயே வெடிமருந்து கண்டுபிடிக்கப்பட்டது. ஆக, முதலில் வந்தது சத்தம். வண்ணமெல்லாம் ரொம்பப் பின்னால்.

நம் பக்கமும் இது புதுசு அல்ல. 1443-ல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரஸ்ஸாக், அங்கே திருவிழாவில் பார்த்த வாண வகைகளை விவரித்து மாளாது என்கிற ரீதியில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

சத்தத்துக்கும் ராஜாக்களுக்கும் இருந்த உறவைப் புரிந்துகொள்ள, 1749-ம் ஆண்டு லண்டனுக்குப் போகலாம். ஆஸ்திரிய வாரிசுரிமைப் போர் முடிந்து சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. அதைக் கொண்டாட இரண்டாம் ஜார்ஜ் மன்னர், ஏப்ரல் 27-ம் தேதி கிரீன் பார்க்கில் மாபெரும் வாணவேடிக்கைக்கு ஏற்பாடு செய்தார். இசை அமைத்தவர் ஹேண்டல். 'வயலின் கியலின் எல்லாம் வேண்டாம், போர்க்கள வாத்தியங்கள் போதும்' என்பது மன்னரின் விருப்பம். ஆரம்பத்தில் 101 பீரங்கிகளின் மரியாதை முழக்கம்! சமாதானத்துக்கு விழா... பீரங்கி வெடித்து! காரணம் எளிது. மருந்தும் ராணுவத்துடையது, அதைக் கையாளத் தெரிந்த ஆட்களும் ராணுவத்தினர். அன்றைக்கு மழை வேறு. நடுவில் மரத்தால் கட்டிய அலங்கார மண்டபத்தின் ஒரு பகுதி தீப்பிடித்துக்கொண்டது. அதைக் கட்டிய செர்வாண்டோனி ஆத்திரத்தில் வாணவேடிக்கை அதிகாரி மீது கத்தியை உருவ, அவரைக் கைது செய்தார்கள். கூட்டத்தில் என்னை மாதிரி ஓர் ஆசாமி காதைப் பொத்திக்கொண்டு நின்றிருப்பான். அவனைப் பற்றி யார் எழுதப் போகிறார்கள்?

அந்த வாணங்களில் சிவப்பும் பச்சையும் கிடையாது என்பது இன்னொரு விஷயம். மஞ்சள், ஆரஞ்சு, வெள்ளை... அவ்வளவுதான். பொட்டாசியம் குளோரேட் புழக்கத்துக்கு வந்த பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் வானம் கலர் ஆனது. சிவப்புக்கு ஸ்ட்ரான்ஷியம், பச்சைக்கு பேரியம், நீலத்துக்குத் தாமிரம். நீலம்தான் கஷ்டம். சூடு கொஞ்சம் அதிகமானால் சாயம் வெளுத்துவிடும். இதையெல்லாம் பத்து வயதில் மனப்பாடமாக ஒப்பிப்பேன். கேட்கத்தான் ஆள் இருக்காது!

இப்போது 1940-களுக்கு வருவோம். சிவகாசியில் பட்டாசுத் தொழில் காலூன்றிக்கொண்டிருந்த அதே சமயம், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற குழந்தைகள் மனநல மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். எட்டு ஆண், மூன்று பெண் என்று மொத்தம் 11 குழந்தைகள். ஆட்டிசம் என்று இன்று நாம் சொல்வதை மருத்துவ உலகம் தனியாகப் பிரித்துப் பார்க்கத் தொடங்கியது அந்தக் கட்டுரைக்குப் பிறகுதான்.

அதில் இந்தக் குழந்தைகள் எதற்கெல்லாம் மிரண்டார்கள் என்று ஒரு பட்டியல் வருகிறது. லிஃப்ட், ஓடும் தண்ணீர், முட்டை அடிக்கும் கருவி... சில சமயம் காற்றுகூட! வீடு பெருக்கும் மெஷின் வைத்திருந்த அலமாரிப் பக்கமே போகாத ஒரு குழந்தையும் உண்டு. இதைப் படித்தபோது அரிசி மூட்டை ஞாபகம் வந்தது.

ஆனால் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அடுத்த விஷயம். இந்தக் குழந்தைகள் பயப்படும் அளவுக்குச் சத்தத்தை அவர்களே உற்சாகமாக எழுப்புகிறார்கள் என்கிறார் கானர்! அப்படியானால் பிரச்னை சத்தம் இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே நுழைந்து விழுகிற சத்தம். மாமா பார்த்தது அதைத்தான். நானே ஊதுவத்தியால் திரியைக் கிள்ளிப் பற்றவைத்த லட்சுமி வெடிக்கு நான் அழுததில்லை. அடுத்த வீட்டுக்காரர் வைத்த குருவி வெடிக்கு அழுதிருக்கிறேன்.

இவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர், வேறொரு இடத்தில் சறுக்கினார். பெற்றோரிடம் பாசத்தின் கதகதப்பு இல்லை, குழந்தைகள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கப்பட்டதுபோல வளர்கிறார்கள் என்று 1949-ல் எழுதினார். அதைப் பிடித்துக்கொண்டு பல வருடங்கள் உலகம் அம்மாக்களைத் திட்டியது. 1969-ல், பெற்றோர் கூடிய ஒரு மாநாட்டில், உங்கள் மேல் குற்றமில்லை என்று கானரே பகிரங்கமாகச் சொன்னார். எங்கள் ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேரவில்லை. ''நீ செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டே'' என்று 1980-களிலும் என் அம்மா வாங்கிக் கட்டிக்கொண்டார். சத்தம், வெளிச்சம், தொடுகை போன்றவற்றை அளவுக்கு மீறி உணர்வது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்று என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏறியது 2013-ல். அதற்கு முந்தைய பதிப்பில் அது இல்லை. கானர் கட்டுரைக்கும் இதற்கும் எழுபது வருட இடைவெளி!

என் அப்பா கானரைப் படித்தவரில்லை. ஆனால் கோயில் திருவிழா வாணவேடிக்கைக்கு என்னைக் கூட்டத்துக்குள் இழுத்துப் போகாமல், ஒரு கிலோமீட்டர் தள்ளி, கண்மாய்க் கரையில் கொண்டுபோய் உட்கார வைத்தார். வானத்தில் பூ விரியும். ஒண்ணு... ரெண்டு... மூணு... அப்புறம்தான் 'டொம்'. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஒரு கிலோமீட்டருக்கு மூன்று விநாடி. அந்த மூன்று விநாடியில் நான் தயாராகிவிடுவேன். வெளிச்சமே முன்னால் ஓடிவந்து, 'பின்னாடி சத்தம் வருது' என்று தந்தி கொடுத்துவிடுகிறதே! என் வாழ்க்கையில் முழுசாகப் பார்த்த வாணவேடிக்கைகள் அந்தக் கரையில் பார்த்தவைதான்.

இருந்தும் ஒரு குறை உண்டு. தூரத்துப் பொட்டலில் கூட்டம் 'ஓ'வென்று கத்தும். என் தங்கை அங்கே இருப்பாள். அப்பா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பார். என்னால் அவரும் போகவில்லை.

சட்டம் என்ன செய்தது? வெடிக்கிற இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று 1999-ல் விதி வந்தது. (டெசிபல் கணக்கு கொஞ்சம் வில்லங்கமானது. பத்து கூடினால் ஒலியின் வலிமை பத்து மடங்கு! காமர்ஸ் படித்த எனக்கு இது புரிய ஒரு வாரம் ஆனது.) இரவு 10 முதல் காலை 6 வரை வெடிக்கத் தடை என்று 2005-ல் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2018-ல் காற்று மாசை முன்னிட்டு, வெடிக்க இரண்டே மணி நேரம் என்றது. தமிழக அரசு அதைக் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று பிரித்துக் கொடுத்தது. 'பண்டிகைக்கு டைம்டேபிளா?' என்று ஊரே சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என்னை நினைத்து யாரும் போட்ட உத்தரவு இல்லை அது. ஆனால் சத்தம் எப்போது வரும் என்று முதல்முறையாக எனக்குச் சொன்ன உத்தரவு. இத்தாலியில் கொலேக்கியோ என்ற சிற்றூர், சத்தம் குறைந்த வாணங்களைத்தான் விட வேண்டும் என்று 2015-ல் விதி போட்டது. பிராணிகள் மிரளக் கூடாதாம். அந்தப் பிராணிகளுக்கும் என் நன்றி!

பட்டாசே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். சிவகாசிக்காரர்கள் பிழைப்பு ஒருபக்கம் இருக்கட்டும். புஸ்வாணம் இல்லாத தீபாவளியை எனக்கே பிடிக்காது. ஏதாவது உருப்படாமல் போனால் 'புஸ்வாணமாயிடுச்சு' என்று சொல்கிறோமே, அதைக் கேட்டால் எனக்குக் கோபம்கூட வரும்.

போன தீபாவளிக்கு, தொழிற்சாலைகளில் மாட்டிக்கொள்வார்களே, அந்தக் காதுக் கவசத்தோடு மாடிக்குப் போனேன். என் மகள் ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் ''அப்பா, இப்ப வைக்கப் போறேன்!'' என்று கை காட்டிவிட்டுத்தான் வைத்தாள். எட்டு மணி தாண்டியது. அப்பாடா என்று கவசத்தைக் கழற்றினேன். எட்டே முக்காலுக்குப் பக்கத்துத் தெருவில் யாரோ ஆயிரம்வாலாவைக் கொளுத்திவிட்டார்கள். அவ்வளவுதான், கீழே ஓடி வந்து பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டேன்.

கால் மணி நேரம் கழித்துக் கதவைத் தட்டினாள்.

''அப்பா, ஒரே ஒரு புஸ்வாணம் எடுத்து வெச்சிருக்கேன். வரீங்களா?''

போனேன். ஊதுவத்தியை என் கையில் கொடுத்தாள்.