திமியை விழுங்கும் பிராணி

பங்குனி, சித்திரையில் திருகோணமலைக்குப் பிள்ளைகளோடு போகிறவர்கள், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை உச்சியிலிருந்து கடலைச் சற்று நேரம் உற்றுப் பாருங்கள். தொலைவில் வெண்புகைபோல் ஒன்று நேரே மேலெழுந்தால் அது நீலத் திமிங்கிலத்தின் மூச்சு. முன்பக்கமாக இடப்புறம் சரிந்து எழுந்தால் எண்ணெய்த் திமிங்கிலம். அதன் மூக்குத் துளை தலையின் இடப்பக்கத்தில் இருக்கிறது. கொட்டியாரக் குடாவிலிருந்தே கடலடியில் ஆழமான பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குவதால்தான் இவ்வளவு பெரிய பிராணிகள் கரைக்கு இத்தனை கிட்ட வருகின்றன.

இனி திமிங்கிலம் என்ற பெயருக்கு வருவோம். சங்கப் பாடல்களில் மீன்பிடிப் படகுக்குத் ‘திமில்’ என்று பெயர். திமிங்கிலத்தை அதனோடு முடிச்சுப் போட ஆசை வரும். ஆனால் பின்னால் வரும் ‘கில’த்துக்கு அங்கே விளக்கம் கிடைக்காது. வடமொழியில் ‘திமி’ என்றால் கடலில் வாழும் பெருமீன். ‘கில’ என்றால் விழுங்குவது. திமியை விழுங்குவது திமிங்கிலம். கதை சொன்னவர்கள் அதோடு நிற்கவில்லை. திமிங்கிலத்தையும் விழுங்க ஒன்று வேண்டுமே! அதற்குத் ‘திமிங்கிலகிலம்’ என்று பெயர் வைத்தார்கள். மகாபாரதத்தின் வனபருவத்திலும் திமிங்கிலம் வருகிறது. பாலி மொழியில் உள்ள பௌத்த நூலான ‘உதானம்’ கடலின் அதிசயங்களைச் சொல்லும்போது திமி, திமிங்கலம், திமிதிமிங்கலம் என்று அடுக்குகிறது. அங்கே ‘கி’ அல்ல, ‘க’. ஆகவே ‘திமிங்கலம்’ என்று எழுதிய பிள்ளையின் கொப்பியில் சிவப்புக் கோடு போட அவசரப்பட வேண்டாம்.

பெயர் இப்படிப் பயமுறுத்தினாலும், உலகின் மிகப் பெரிய பிராணியான நீலத் திமிங்கிலத்தின் தொண்டை மிகவும் ஒடுங்கியது. பெருமீன் எதையும் அதனால் விழுங்க முடியாது. வாய் நிறையக் கடல்நீரை அள்ளி, மேல்தாடையில் தொங்கும் சீப்பு போன்ற தகடுகளால் வடிகட்டி, எஞ்சும் சிற்றுயிர்களைத்தான் அது தின்கிறது. கடல் உயிரியலாளர் ஆஷா டி வோசும் உடனாய்வாளர்களும் இலங்கையின் தென்கடலில் அதன் மலத்தைச் சேகரித்து ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். அங்கே அதன் முக்கிய உணவு செர்கெஸ்டிட் என்னும் சின்ன இறால். நாம் சம்பல் இடிக்கும் கூனியின் உறவு அது! எண்ணெய்த் திமிங்கிலம் வேறு ரகம். ஆயிரம் மீற்றருக்குக் கீழும் மூழ்கிக் கணவாய்களைப் பிடித்து விழுங்கும். திமியை விழுங்குவது என்ற பெயருக்குக் கொஞ்சமாவது கிட்ட வருவது அதுதான். இரண்டும் மீனே அல்ல. குட்டி போட்டுப் பால் கொடுப்பவை.

திமிங்கிலத்தையே வேட்டையாடித் தின்பது ஓர்க்கா. கூட்டமாக வந்து தாக்கும். இலங்கைக் கடலிலும் அது தென்பட்டிருக்கிறது. அதைக் ‘கொலைகாரத் திமிங்கிலம்’ என்று மொழிபெயர்த்து எழுதி வருகிறோம். உண்மையில் அது டொல்பின் குடும்பத்தைச் சேர்ந்தது. பசிக்கு வேட்டையாடும் பிராணியைக் கொலைகாரன் என்பதும் நியாயமில்லை. திமிங்கிலகிலம் என்ற பழைய பெயர் சும்மா கிடக்கிறது. சிறுவர் நூல் எழுதுகிறவர்கள் அதை எடுத்து ஓர்க்காவுக்குச் சூட்டலாம்.