மூன்று ஓட்டை பெரிய பிளக்கின் கதை

நெய்வேலி நிலக்கரி நிறுவனம் உருவான அதே 1956-இல்தான் இந்திய மின்சார விதிகளும் வந்தன. எர்த் அப்போதே கட்டாயம்!

எங்கள் சேத்தியாத்தோப்பில் வீட்டோடு புது ரூம் கட்டும்போது, கீசருக்குப் பழைய ஃபேன் லைனிலிருந்தே வயர் இழுத்துக்கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். கணக்கு போடுங்கள்: 2000 வாட்டை 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 8.7 ஆம்பியர். சின்ன பிளக் தாங்குவது 5 அல்லது 6 தான். வயர் சூடாகி உருகும். அதனால்தான் 15 ஆம்பியர் பெரிய பிளக்.

இந்த உருண்டைக் கால் பிளக் 1934-இல் பிரிட்டன் வகுத்த தரம். 1947-இல் அவர்கள் உள்ளேயே ஃபியூஸ் வைத்த பட்டைக் கால் பிளக்குக்கு வழி செய்தார்கள். நாம் பழையதையே வைத்துக்கொண்டோம். ஆகவே நமக்குக் காவல் போர்டில்தான்.

2010-இலும் 2023-இலும் விதிகள் மாறின, எர்த் மாறவில்லை. கீசருக்குத் தனி லைன் கேளுங்கள், நண்பர்களே!