கருக்காலப் பரிசோதனையும் தாயின் சம்மதமும்

கர்ப்பமுற்ற பெண்ணொருத்தி மூன்றாம் மாதத்தில் மருத்துவமனைக்குச் செல்லுங்கால், அவள் கையில் கொடுக்கப்படும் சீட்டில் ஹீமோகுளோபின், இரத்த வகை, சர்க்கரை, எச்.ஐ.வி. முதலிய பரிசோதனைகளோடு ஒரே வரிசையில் 'டபுள் மார்க்கர்' என்பதும் எழுதப்பட்டிருப்பது நம் நகரங்களில் இன்று சர்வசாதாரணமாகிவிட்டது. ஒரே ஊசியில், ஒரே கையிலிருந்து எடுக்கப்படும் இரத்தமாதலின், இவையனைத்தும் ஒரே இனத்தவை என்று அவளும் அவளோடு வந்த கணவனும் மாமியாரும் எண்ணுவது இயல்பே. ஆயினும் இவற்றினிடையே நோக்கத்திலும் விளைவிலும் பெரும் பேதமுண்டு. அப்பேதம் மெய்யாயின் அவற்றுக்குப் பெறவேண்டிய சம்மதமும் இருவகைப்பட்டதாதல் வேண்டும் என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இருவகைப் பரிசோதனைகள்

முதல் வகை, முடிவு தெரிந்தவுடன் சிகிச்சை தொடங்கும் வகை. இரத்தசோகை எனில் இரும்புச்சத்து மாத்திரை உண்டு. தாயின் இரத்தம் ஆர்.எச். நெகடிவ் எனில் உரிய காலத்தில் போடும் ஊசி உண்டு, எச்.ஐ.வி. எனில் தொற்று குழந்தையைச் சேராவண்ணம் பெருமளவுக்குத் தடுக்கும் மருந்து உண்டு. கர்ப்பகாலச் சர்க்கரை நோயைப் பொறுத்தவரை தமிழ்நாடு முன்னோடியாக விளங்கிற்று. சென்னை மருத்துவர் வீ. சேஷய்யா பல்லாண்டுகள் வற்புறுத்தி வந்ததன் பயனாக, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனை செய்யப்பட வேண்டுமென 2007ஆம் ஆண்டில் மாநில அரசு ஆணை பிறப்பித்தது. வெறும் வயிற்றோடு வந்தாளா, உண்டபின் வந்தாளா என்று பாராமல், 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கச் செய்து, இரண்டு மணி நேரங் கழித்து இரத்தத்தைச் சோதித்து, 140 மில்லிகிராமோ அதற்கு மேலோ இருப்பின் உணவுமுறையையும் மருந்தையும் வகுத்தல் அம்முறை. இத்தகைய பரிசோதனையை மறுப்பதற்கு நியாயமான காரணம் காண்பது அரிது. இதனை மருத்துவர் வழக்கமாகவே செய்துவிடுவதில் குற்றங் காணவும் இயலாது.

'டபுள் மார்க்கர்' அடங்கிய இரண்டாம் வகையின் இயல்பு வேறு. டவுன் நோய்க்குறிக்குக் காரணம் 21ஆம் குரோமோசோம் ஒன்று மிகையாக இருப்பதே என்பதை 1959இல் பிரெஞ்சு மருத்துவர் ழெரோம் லெழூனும் அவருடைய சகாக்களும் வெளியிட்டனர். ஏழாண்டுகளுக்குப் பின், பனிக்குட நீரிலுள்ள அணுக்களை வளர்த்துச் சிசுவின் குரோமோசோம்களை எண்ணும் வழியும் பிறந்தது. பதினோராம் வாரத்திலிருந்து பதினான்காம் வாரம் தொடங்குமுன் சிசுவின் பிடரியிலுள்ள நீரின் தடிப்பை ஸ்கேனில் அளந்து, தாயின் இரத்தத்திலுள்ள இரு பொருள்களின் அளவோடும் அவள் வயதோடும் சேர்த்துக் கணக்கிடும் இன்றைய முறை, அவ்வாராய்ச்சிகளின் வழியே படிப்படியாக வளர்ந்தது. மிகையான குரோமோசோமை நீக்கும் மருந்து ஏதுமில்லை. ஆகவே இப்பரிசோதனை தாய்க்குக் கொண்டுவருவது சிகிச்சையன்று, ஒரு தீர்மானத்தின் பொறுப்பே. வருமுன் ஆயத்தமாவதா, கர்ப்பத்தைக் கலைப்பதா, அல்லது ஐயத்தோடேயே மாதங்களைக் கழிப்பதா என்ற கேள்வி அவள் முன் வந்து நிற்கிறது. தம் கண்டுபிடிப்பு கருக்கலைப்புக்குத் துணைபோவதை லெழூனே இறுதிவரை எதிர்த்துவந்தார் என்பது, அறிவியலின் விடையும் அறத்தின் விடையும் ஒருங்கே கிட்டுவதில்லை என்பதற்குச் சான்றாகும்.

எண்கள் கூறுவதும் கூறாததும்

இவ்வகைச் சோதனை நோயை நிச்சயிப்பதன்று. மேற்கொண்டு ஆராயத்தக்கவர்களைப் பிரித்தெடுக்கும் சல்லடை மாத்திரமே. ஆய்வுக்கூடத்திலிருந்து வரும் தாளில் '1 : 180' என்றும், வரம்பு '1 : 250' என்றும், அதன் கீழே தடித்த எழுத்தில் 'ஸ்கிரீன் பாசிட்டிவ்' என்றும் அச்சாகியிருக்கக் காணும் ஒரு பெண், தன் குழந்தைக்குக் குறை வந்துவிட்டதென்றே நடுங்குகிறாள். இதே எண்ணைப் பெற்ற 180 பெண்களில் 179 பேருடைய சிசுக்களுக்கு அக்குறை இராது என்பதே அத்தாளின் பொருளாயினும், தடித்த எழுத்து கண்ணைக் கவரும் அளவுக்கு விகிதம் கவர்வதில்லை.

இதனைச் சற்று விரித்துக் கணக்கிடுவோம். ஆயிரத்தில் ஒரு கர்ப்பத்தில் இக்குறை உண்டென்று கொள்வோமாயின், 10,000 பெண்களில் பத்துப் பேருக்கே அது இருக்கும். நூற்றுக்குத் தொண்ணூறு பேரைக் கண்டுபிடித்து, குறையற்றவரில் நூற்றுக்கு ஐவரைத் தவறாகச் சுட்டும் சோதனை, அப்பத்துப் பேரில் ஒன்பதின்மரைக் காட்டிக்கொடுத்து ஒருவரை விட்டுவிடும். அதே சமயத்தில் குறையற்ற சிசுவைச் சுமக்கும் ஏறத்தாழ 500 பேரையும் கவலையில் ஆழ்த்தும். அதாவது 'பாசிட்டிவ்' என்ற தாளைப் பெற்ற 509 பேரில் ஐம்பத்தாறு பேருக்கு ஒருவர் வீதமே உண்மையில் குறையுடைய சிசுவைச் சுமப்பவர்.

தாயின் இரத்தத்திலேயே சிசுவைச் சார்ந்த டி.என்.ஏ. மிதக்கிறதென்று 1997இல் டென்னிஸ் லோவும் அவருடைய சகாக்களும் கண்டதிலிருந்து பிறந்த புதிய சோதனை இத்தவறுகளை வெகுவாகக் குறைத்திருக்கிறது. ஆனால் அந்த டி.என்.ஏ. பெரும்பாலும் நச்சுக்கொடியிலிருந்து வருவதாகையால், அதுவும் நிச்சயிக்கும் சோதனையாகாது. ஆயிரத்தில் ஒருவரைத் தவறாகச் சுட்டும் அளவுக்கே அது பிழைபடுமென்று கொண்டாலும், மேற்சொன்ன பதினாயிரம் பெண்களில் சரியாகச் சுட்டப்பட்டோரும் தவறாகச் சுட்டப்பட்டோரும் ஏறக்குறையச் சமமாகவே இருப்பர். நிச்சயமறிய வேண்டின் பனிக்குட நீரையோ நச்சுக்கொடியின் துணுக்கையோ எடுத்தாக வேண்டும். அதனாற் கருச்சிதைவு நேரும் ஆபத்து சிறிதாயினும் இல்லாமலில்லை.

நம் நாட்டுக்கு இன்றியமையாத எச்சரிக்கை மற்றொன்றுண்டு. மாமன் மகளையோ அக்காள் மகளையோ மணந்தவர்கள், 'டபுள் மார்க்கர் நன்றாக வந்துவிட்டது, இனி அச்சமில்லை' என்று ஆறுதலடைவது தவறு. நெருங்கிய உறவில் மணப்பதால் மிகுவது, தாய் தந்தை இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே குறையுள்ள மரபணு குழந்தையில் ஒன்றுகூடும் வாய்ப்பேயன்றிக் குரோமோசோம் மிகையன்று. தலசீமியாவையோ, நீலகிரிப் பழங்குடியினரிடையே 1952இலேயே அறியப்பட்ட அரிவாளணு நோயையோ அச்சோதனை காட்டாது. அவற்றுக்குக் கணவன் மனைவி இருவருடைய இரத்தமும் சோதிக்கப்பட வேண்டும். அதற்கு உகந்த காலம் கர்ப்பத்துக்கு முன்னரே. எதை அறிய விரும்புகிறோம் என்பதை முதலில் ஆராயாமல் எடுக்கப்படும் சோதனை, வீணான அச்சத்தையும் வீணான ஆறுதலையும் ஒருங்கே விளைவிக்கும்.

காலமும் சட்டமும்

பன்னிரண்டாம் வாரத்தில் முதற்சோதனை, பதினாறாம் வாரத்தில் பனிக்குட நீர், அதன் அணுக்களை வளர்த்து முழுமையாகக் குரோமோசோம்களை எண்ண இரண்டு அல்லது மூன்று வாரம் என்று கணக்கிட்டால், முடிவு கைக்கு வரும்பொழுது பத்தொன்பதாம் வாரம் ஆகிவிடுகிறது. 1971ஆம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டம் இருபது வாரத்தையே எல்லையாக வைத்திருந்தமையால், சிந்திப்பதற்கு மிஞ்சிய நாட்கள் மிகச் சிலவே. 2021ஆம் ஆண்டுத் திருத்தம் சில வகைப் பெண்களுக்கு இருபத்து நான்கு வாரம்வரை இடமளித்ததோடு, சிசுவிடம் பெருங்குறை உண்டென்று மருத்துவக் குழு கண்டால் அவ்வெல்லையையும் நீக்கியது. ஆயினும் சட்டம் அவகாசம் அளித்தாலும் உடலும் மனமும் அளிப்பதில்லை. குழந்தையின் அசைவை உணர்ந்த பின்னர் யோசிக்கத் தொடங்குவதற்கும், இரத்தம் எடுக்குமுன்பே யோசித்துவைப்பதற்கும் உள்ள வேற்றுமையை எந்தத் திருத்தமும் அகற்ற முடியாது.

சம்மதத்தைப் பற்றி நம் சட்டம் மௌனமாக இல்லை. சிசுவின் பாலை அறிவதைத் தடைசெய்த 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, கருக்கால நோயறி முறைகளுக்கு முன் அவற்றின் பின்விளைவுகளையெல்லாம் கர்ப்பிணிக்கு எடுத்துரைக்க வேண்டுமென்றும், அவளுக்குப் புரியும் மொழியில் எழுத்துமூலமான சம்மதம் பெற வேண்டுமென்றும், அதன் நகலை அவளிடமே கொடுக்க வேண்டுமென்றும் விதிக்கிறது. ஊசியை வயிற்றில் செலுத்துமுன் கடைப்பிடிக்கப்படும் இந்நெறி, அவ்வூசியை நோக்கி அவளை இட்டுச்செல்லும் முதல் இரத்தச் சோதனையின்போதே கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்பதே நம் வாதம். பாதையின் முதலடியிலேயே அது எங்கே செல்கிறதென்று கூறாமல், பாதி வழியில் நிறுத்திக் கையொப்பம் கேட்பது சம்மதத்தின் வடிவமேயன்றி உயிரன்று.

இரு தரப்பு ஆட்சேபங்கள்

அறிவு எப்பொழுதும் அறியாமையினும் மேலானதாகலின் எல்லாப் பெண்களுக்கும் இச்சோதனையைக் கடமையாக்குதல் தகும் என்பர் ஒருசாரார். டவுன் நோய்க்குறியுள்ள குழந்தைகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இருதயக் கோளாறு இருப்பதால், முன்னரே அறிந்தவள் குழந்தைகளுக்கான இருதய சிகிச்சை உள்ள ஊரில் பிரசவத்துக்கு ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று அவர்கள் கூறுவது மெய்யே. ஆனால் அக்கோளாறை இருபதாம் வாரத்தையொட்டிய ஸ்கேனே பெரும்பாலும் காட்டிவிடும். எந்நிலையிலும் கர்ப்பத்தைத் தொடர்வதென்று உறுதிபூண்டவள் அதனோடு திருப்தியடைந்து இரத்தச் சோதனையை மறுப்பாளாயின், அதை அறியாமை என்று இகழ்வது தகாது.

இச்சோதனையே ஊனமுற்றோரை இழிவுபடுத்துவது என்பர் மறுசாரார். பார்வையிழந்தவரான அமெரிக்க அறிஞர் ஏட்ரியன் ஆஷ், ஒரு குறையைக் கொண்டே ஒரு மனிதனின் முழுமையையும் எடைபோடும் பிழை இதில் மறைந்திருப்பதாக வாதித்தார். டென்மார்க்கில் 2004ஆம் ஆண்டுமுதல் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இச்சோதனை அளிக்கப்படலாயிற்று. அதுவரை ஆண்டுக்கு 55 முதல் 65 வரையிருந்த டவுன் குழந்தைகளின் பிறப்பு 2005இல் 31 ஆகவும் 2006இல் 32 ஆகவும் குறைந்தது. சட்டம் எவரையும் கட்டாயப்படுத்தவில்லை. எனினும் எல்லாரும் செய்துகொள்வதை மறுப்பதற்கு ஒருத்திக்குத் தனித் துணிவு வேண்டியிருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. இவ்வாட்சேபத்தின் வலிமையை ஒப்புக்கொண்டே, அதிலிருந்து தடை என்னும் முடிவுக்கு வருவதை மட்டும் நாம் மறுக்கிறோம். வளர்ப்பின் சுமையைத் தாங்கும் தோள் பெரும்பாலும் தாயினுடையதாகவே இருக்கும் சமூகத்தில், அறியும் உரிமையை அவளிடமிருந்து பறிப்பது ஊனமுற்றோருக்குச் செய்யும் உபகாரமாகாது. சிறப்புப் பள்ளியும் மருத்துவ உதவியும் எளிதிற் கிட்டும்படி செய்வதே அவர்களுக்குச் செய்யும் உபகாரம். அவை கிட்டுமளவுக்கே தாயின் தேர்வும் சுதந்திரமானதாகும்.

முடிவாகக் கூறத்தக்கவை

முதலாவதாக, சிகிச்சைக்கு வழிகாட்டும் சோதனைகளையும் தீர்மானத்துக்கு மட்டுமே வழிகாட்டும் சோதனைகளையும் ஒரே சீட்டில் எழுதும் வழக்கம் நீங்க வேண்டும். இரண்டாவதாக, பின்னவற்றுக்கு முன் எது தெரியவரும், எது தெரியவராது, 'பாசிட்டிவ்' என்றால் அடுத்து என்ன என்ற மூன்றும் தமிழில், எண்ணிக்கையோடு, கர்ப்பிணிக்குச் சொல்லப்பட வேண்டும்; முடியுமானால் வீட்டிற்குச் சென்று யோசித்துவர ஒரு நாளேனும் தரப்பட வேண்டும். மூன்றாவதாக, கணவனும் பெரியோரும் ஆலோசனை கூறலாமாயினும், கருக்கலைப்புச் சட்டம் வயதுவந்த பெண்ணின் சம்மதத்தை மட்டுமே கேட்கிறதென்பதை நினைவிற்கொண்டு, சோதனைக்கும் அவள் சொல்லையே முடிவாகக் கொள்ள வேண்டும். இம்மூன்றும் நிறைவேறிய இடத்தில் சோதனையை ஏற்பவளும் சரியே செய்கிறாள், மறுப்பவளும் சரியே செய்கிறாள். நிறைவேறாத இடத்தில் அவள் சீட்டிலுள்ள வரிசைக்கு இணங்கினாளேயன்றித் தானாக எதையும் தீர்மானித்தவளாகாள்.