வார்த்தை போன பிறகு வந்த இசை

வேலை முடிந்து எல்ஆர்டியில் திரும்பும்போது நான் பாட்டு கேட்பதில்லை. வார்த்தை காதில் விழுந்தா மூளை மறுபடியும் வேலையை ஆரம்பிச்சிடும். அப்படித்தான் கேமல் குழுவின் 'தி ஸ்னோ கூஸ்' (1975) எனக்குப் பழக்கமானது. 16 தடங்கள், ஒரு வரிகூடப் பாட்டு இல்லை. 'மைக்ரேஷன்' தடத்தில் குரல் வரும். அதுவும் சொல்லில்லாத இழுவை.

இதை ஒரு துணிச்சலான அழகியல் முடிவு என்றே ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

கிட்டாரும் புல்லாங்குழலும் ஆண்ட்ரூ லாட்டிமர், கீபோர்டு பீட்டர் பார்டென்ஸ், பேஸ் டக் ஃபெர்குசன், டிரம்ஸ் ஆண்டி வார்ட். 1974இல் வந்த 'மிராஜ்' தொகுப்பில் டோல்கீனின் நாவலை வைத்து ஒரு நீண்ட பாட்டு செய்திருந்தார்கள். அது தந்த தைரியத்தில் முழுத் தொகுப்பையும் ஒரே கதைமேல் கட்ட நினைத்தார்கள். எடுத்துக்கொண்டது அமெரிக்க எழுத்தாளர் பால் காலிகோவின் சிறிய கதை. எசெக்ஸ் சதுப்புநிலத்தில், கைவிடப்பட்ட கலங்கரை விளக்கத்தில் ராயடர் என்ற கூன் விழுந்த ஓவியன் தனியாக வாழ்கிறான். ஃபிரித்தா என்ற சிறுமி அடிபட்ட வெள்ளை வாத்தொன்றை அவனிடம் தூக்கி வருகிறாள். பிறகு 1940, டன்கர்க். கரையில் சிக்கிய சிப்பாய்களைத் தன் சின்னப் படகில் ஏற்றப் போனவன் திரும்பவில்லை.

கதையின் வாசகங்களிலிருந்தே பாடல் வரிகள் எழுதுவதாகத்தான் திட்டம். காலிகோ ஒத்துக்கொள்ளவில்லை. வரிகள் போயின. அட்டையில் 'மியூசிக் இன்ஸ்பயர்டு பை' என்ற முன்னொட்டும் சேர்க்க வேண்டியதாயிற்று. குழுவின் பெயரைப் பார்த்து சிகரெட் கம்பெனி விவகாரம் என நினைத்துவிட்டார், அதனால்தான் மறுத்தார் என்றொரு கதை சுற்றுகிறது. ரசிகர்களுக்கு ரொம்பப் பிடித்த கதை. ஆனா 'மிராஜ்' அட்டையே அந்த சிகரெட் பாக்கெட் மாதிரி இருந்தபோது, அப்படி நினைத்திருந்தாலும் யாரைக் குறை சொல்ல?

காலிகோவை வில்லனாக்க எனக்கு மனசு வரவில்லை. அது அவர் கதை. தவிர, அவர் சம்மதித்திருந்தால் 'ராயடர்' தடத்தில் அந்தப் புல்லாங்குழல் அவ்வளவு நேரம் துள்ளியிருக்காது. மேலே ஒருவர் பாடிக்கொண்டிருந்திருப்பார். கூனனின் மனசு துள்ளலானது என்று சொல்ல எந்த வரியும் தேவைப்படவில்லை. 'டன்கர்க்' அடி மேல் அடியாக ஏறிக்கொண்டே போகும். அது அடங்கிக் கொஞ்ச நேரத்தில் 'ஃபிரித்தா அலோன்', பியானோவோடு. யாரோ வீட்டுக்குள் மெதுவாக நடப்பது போலிருக்கும். கதையைப் படித்துவிட்டுக் கேட்ட அன்று, இறங்க வேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டேன்.

ஆர்க்கெஸ்ட்ரா அமைத்தவர் டேவிட் பெட்ஃபோர்ட். 1975 அக்டோபரில் லண்டன் சிம்பொனியோடு ராயல் ஆல்பர்ட் ஹாலில் முழுவதையும் வாசித்தார்கள். அடுத்த சில வருஷத்தில் ஃபெர்குசன் போனார், பார்டென்ஸும் போனார்.

காலிகோ 1976இல் இறந்தார், பார்டென்ஸ் 2002இல். கடும் நோயிலிருந்து மீண்ட லாட்டிமர் 2013இல் இதை முதலிலிருந்து மறுபதிவு செய்தார். சில இடங்களை நீட்டினார். பாடல் வரி எதையும் சேர்க்கவில்லை.