நிறுத்தி வைத்த பங்கும் மூடிய வாயிலும்

கல்விக்கூடத்தின் வாயிலில் வந்து நிற்கும் பிள்ளையிடம் முதலில் கேட்கப்படும் வினாக்கள் இரண்டு: உன் பெயர் என்ன? நீ ஆணா, பெண்ணா? இரண்டாவது வினாவுக்கு விடை கூறுவது ஏறத்தாழ எல்லாப் பிள்ளைகளுக்கும் எளிது. அஃது எளிதாக அமையாத சிலரும் எக்காலத்தும் இருந்தே வந்துள்ளனர். அத்தகையோரைப் பற்றி நம் மார்க்கச் சட்ட அறிஞர்கள் என்ன கூறினர்? நம் காலத்துக் கல்வி நிலையம் ஒன்று என்ன செய்தது? இவ்விரண்டையும் ஒப்பிட்டு நோக்க, கெய்ரோ நகரின் அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் 1988-ஆம் ஆண்டு எழுந்த வழக்கொன்று பெரிதும் துணை செய்கிறது.

முதலில் சட்ட நூல்களைக் காண்போம். ஃபிக்ஹு நூல்களில் 'குன்ஸா' என்னும் சொல் பல இடங்களில் வருகிறது. இருபாலின் உறுப்பு அடையாளங்களும் ஒருங்கே அமைந்தவரையோ, எவ்வடையாளமும் தெளிவாக அமையாதவரையோ அது குறிக்கும். எப்பாலினர் என்று முடிவு செய்ய இயலாதவர் 'குன்ஸா முஷ்கில்' எனப்படுவார். இவர் தொழுகைக்கு வந்தால் எங்கே நிற்பது? ஆண்களின் வரிசைக்கும் பெண்களின் வரிசைக்கும் இடையே நிற்க வேண்டும் என்கிறார், ஹிஜ்ரி 428-இல் (கி.பி. 1037) மறைந்த ஹனஃபி அறிஞர் இமாம் குதூரி (ரஹ்). பள்ளிக்கு வராதே என்று கூறாமல், நிற்க ஓர் இடம் வகுத்ததே இங்குக் கருதத்தக்கது.

சொத்துரிமையில் இக்கருத்து இன்னும் தெளிவாகிறது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில் வழங்கி வரும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஒருவர் ஒரு மகனையும் ஒரு குன்ஸா பிள்ளையையும் விட்டுவிட்டு இறந்தார் எனக் கொள்க. அப்பிள்ளை ஆணெனில் இருவருக்கும் பாதிப் பாதி. பெண்ணெனில் மகனுக்கு மூன்றில் இரண்டு, அப்பிள்ளைக்கு மூன்றில் ஒன்று. எந்நிலையிலும் ஐயத்திற்கு இடமின்றி உரிய பங்கு அவரவருக்கு உடனே வழங்கப்படும்: குன்ஸா பிள்ளைக்கு மூன்றில் ஒன்று, மகனுக்குப் பாதி. எஞ்சிய ஆறில் ஒரு பங்கு, நிலை தெளிவாகும் வரையிலோ வாரிசுகள் தமக்குள் இணங்கும் வரையிலோ நிறுத்தி வைக்கப்படும். ஐயமுள்ள பகுதியில் மட்டுமே தீர்ப்பு நிற்கிறது; அந்த ஐயத்தைக் காட்டிப் பிள்ளையைப் பங்கிலிருந்தே விலக்கிவிடவில்லை.

உடலால் ஆணாகவும் நடை, பேச்சு, பாவனைகளால் பெண்ணை ஒத்தும் இருந்தோர் 'முகன்னத்' எனப்பட்டனர். ஒழுங்கு மீறிய ஒருவரை வீடுகளுக்குள் அனுமதிக்க வேண்டாமென அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்த செய்தி ஹதீஸ் நூல்களில் உண்டு. ஸஹீஹ் முஸ்லிமுக்கு விரிவுரை எழுதிய இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 676, கி.பி. 1277) இத்தகையோரை இரு வகையாகப் பிரிக்கிறார். பிறவியிலேயே அவ்வியல்பு வாய்த்தவர் மீது பழியுமில்லை, பாவமுமில்லை. வேண்டுமென்றே அதனைப் புனைந்துகொள்பவரே கண்டனத்திற்குரியவர். இன்று 'பாலின அடையாளம்' எனப்படுவது இப்பழஞ்சொற்களில் முழுமையாக அடங்கிவிடாது. ஆயினும் ஒருவர் தாமே தேர்ந்துகொள்ளாத ஒன்றிற்காக அவரைப் பழிக்கலாகாது என்னும் நெறி இங்கே தெளிவாக நிற்கிறது.

இனி அல்-அஸ்ஹருக்கு வருவோம். கி.பி. 970-இல் கட்டத் தொடங்கப்பெற்ற இப்பள்ளிவாசல், உலகின் மிகத் தொன்மையான கல்வி நிலையங்களுள் ஒன்று. 1961-ஆம் ஆண்டுச் சட்டம் இதனை விரிவாக்கி, மருத்துவம் போன்ற துறைகளையும் சேர்த்தது. ஆடவருக்கும் மகளிருக்கும் தனித்தனிப் பிரிவுகள் அமைந்தன. ஆடவர் பிரிவில் மருத்துவம் பயின்ற மாணவர் ஒருவர், தம்மைப் பெண்ணாகவே உணர்ந்தமையால் நீண்ட காலம் உளமருத்துவம் பெற்று, இறுதியில் 1988 ஜனவரியில் அறுவை சிகிச்சை செய்துகொண்டார். பின்னர்த் தேர்வெழுத வந்தபோது, ஆடவர் பிரிவும் அவரை ஏற்கவில்லை. மகளிர் பிரிவும் சேர்த்துக்கொள்ளவில்லை. பல்கலைக்கழகம் அவரை நீக்கியது. இரு வாயில்கள் கொண்ட கல்விக்கூடத்தில் அவருக்கு இரண்டும் மூடப்பட்டன.

செய்தி நாளேடுகளில் வெளிவந்து நாடெங்கும் விவாதமாயிற்று. மருத்துவர் சங்கம் எகிப்தின் முஃப்தியிடம் மார்க்கத் தீர்ப்புக் கேட்டது. அப்போதைய முஃப்தியும், பின்னர் 1996 முதல் 2010 வரை அல்-அஸ்ஹரின் தலைமை ஷைகாக விளங்கியவருமான முஹம்மது ஸய்யித் தந்தாவீ அவர்கள், 1988 ஜூன் 8 அன்று ஃபத்வா வழங்கினார். நம்பத்தகுந்த மருத்துவர் தேவையெனக் கருதுமிடத்து, உள்ளே மறைந்து கிடக்கும் ஆண்மையையோ பெண்மையையோ வெளிப்படுத்துவதற்கான சிகிச்சை ஆகும்; வெறும் விருப்பத்தின் பொருட்டுப் பாலை மாற்றிக்கொள்வது ஆகாது என்பதே அதன் சாரம். அம்மாணவரின் நிலை இவ்விரண்டனுள் எது என்பதை அந்த ஃபத்வா அறுதியிட்டுக் கூறவில்லை. ஆகவே இரு தரப்பாரும் அதனைத் தமக்குச் சார்பாகவே எடுத்துக்கொண்டனர்.

அரசு வழக்குத் துறையின் விசாரணை, மருத்துவர் மீது குற்றமில்லை எனக் கண்டு 1989-இல் முடிவுற்றது. அவ்வாண்டிலேயே அம்மாணவர் பெண் எனக் குறிக்கும் அரசுச் சான்றும் கிடைத்தது. அதன் பின்னரும் பல்கலைக்கழகம் இணங்கவில்லை. நிர்வாக நீதிமன்றம் அவரை நீக்கிய ஆணையைத் தள்ளிய பின்னரும் வழக்கு நீண்டது. பாடம் கேட்க வேண்டிய ஆண்டுகள் நீதிமன்றப் படிகளில் கழிந்தன.

சிகிச்சை ஆகுமா, ஆகாதா என்பது அறிஞர்களிடையே இன்றும் கருத்து வேறுபாடுள்ள செய்தி. அதனைத் தீர்த்துவைப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆனால் அவ்வினாவுக்கு விடை கிடைக்கும் வரை ஒரு மாணவரின் கல்வி நிற்க வேண்டுமா என்பது வேறொரு வினா. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டதே அங்கு நேர்ந்த தவறு. ஆறில் ஒரு பங்கை நிறுத்தி வைத்து, எஞ்சியதை உடனே வழங்கிய பழைய சட்டத்தின் நுட்பத்தை, அச்சட்டத்தைப் போதிக்கும் நிலையமே அன்று கைக்கொள்ளவில்லை.

இது தொலைதூர நாட்டுக் கதை என நாம் அமைதி கொள்ள இயலாது. 2011-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், ஆண், பெண் அல்லாத 'ஏனையோர்' என இந்தியாவில் பதிவானோர் 4,87,803 பேர். அவர்களுள் தமிழ்நாட்டினர் 22,364 பேர். நாட்டு மக்களுள் நூற்றுக்கு 73 பேர் எழுத்தறிந்திருக்க, இவர்களுள் அவ்வாறு இருந்தோர் 56 பேரே. கேலியும் அடியும் தாளாமல் பள்ளியை விட்டு ஓடிய பிள்ளைகள் பலர் இவ்வெண்ணிக்கையினுள் மறைந்துள்ளனர்.

மாற்றமும் இங்கே பிறந்துள்ளது. திருநங்கையருக்கென நலவாரியத்தை 2008-இல் அமைத்து இந்தியாவுக்கு வழிகாட்டியது தமிழ்நாடு. 2014-இல் உச்ச நீதிமன்றம் அவர்களைச் சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கியோராகக் கருதி உதவ ஆணையிட்டது. கல்வி நிலையங்களில் அவர்களுக்கு வேற்றுமை காட்டுவதை 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. 2021-இல் சென்னை உயர் நீதிமன்றம், விண்ணப்பப் படிவங்களில் மூன்றாவது பத்தி, பள்ளிகளில் பொதுக் கழிப்பறை, சான்றிதழ்களில் பெயர் மாற்ற வசதி ஆகியவற்றை வலியுறுத்தியது.

நம் சமுதாயத்தார் நடத்தும் பள்ளிகளும் கல்லூரிகளும் மதரஸாக்களும் ஊர்தோறும் உள்ளன. அங்கேயும் இத்தகைய பிள்ளை ஒன்று வந்து நிற்கும். ஒருவேளை இப்போதே கடைசி வரிசையில் வாய் திறவாமல் அமர்ந்திருக்கும். அப்பிள்ளையைப் பற்றி எந்த முடிவையும் ஆசிரியர் அவசரப்பட்டு எடுக்க வேண்டியதில்லை. பட்டப்பெயரிட்டு அழைப்பதை வகுப்பில் தடுத்தால் போதும். பிரம்பைக் கொண்டு நடையைத் திருத்த முனையாதிருந்தால் போதும். பெற்றோரைத் தனியே அழைத்துப் பரிவுடன் பேசினால் போதும். தொழுகை வரிசைகளுக்கு நடுவே ஓர் இடம் ஒதுக்கிய சட்ட மரபின் வாரிசுகளுக்கு, வகுப்பறையில் ஓர் இருக்கை ஒதுக்குவது அரிய செயலன்று. தீர்ப்பை நிறுத்தி வைக்கலாம். பாடத்தை நிறுத்தி வைத்தல் ஆகாது.