பெயர் தாங்கும் கல்

போரை அரசுகள் தொடுக்கின்றன. அதன் இழப்பை ஊர்கள் சுமக்கின்றன. இவ்வுண்மையை நேரில் உணர்த்துவன, இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்த் தேவாலயங்களின் கல்லறைத் தோட்டங்களில் நிற்கும் போர் நினைவுச் சின்னங்கள். முதல் உலகப் போர் முடிந்த சில ஆண்டுகளுக்குள் இத்தகைய சின்னங்கள் அந்நாடெங்கும் ஆயிரக்கணக்கில் எழுந்தன. பெரும்பாலும் ஒரு கற்சிலுவை, அவ்வூரினின்று சென்று மீளாதவர்களின் பெயர்கள், அவ்வளவே.

இவை எழுந்ததற்குத் தனிக் காரணம் உண்டு. களத்தில் மாண்டவரின் உடலைத் தாயகம் கொணர்வது 1915ஆம் ஆண்டிலேயே தடை செய்யப்பட்டது. செல்வர் தம் மைந்தரை மீட்டுக்கொள்ள, ஏழையர் மைந்தர் மட்டும் அயல்மண்ணில் கிடக்கும் வேற்றுமை நேரலாகாது எனப்பட்டது. 1917இல் தோன்றிய பேரரசுப் போர்க்கல்லறை ஆணையமும், படைத்தலைவனுக்கும் கடைநிலை வீரனுக்கும் ஒரே வகைக் கல் என்பதைக் கொள்கையாக ஏற்றது. எனவே, பிரான்சிலோ கல்லிப்போலியிலோ புதையுண்ட மகனுக்கு ஒரு மலர் இடவும் வழியற்ற தாய்க்கு, ஞாயிறுதோறும் தான் தொழச் செல்லும் ஆலயத்தின் அருகில் நின்ற கல்லே அவன் கல்லறையாயிற்று. ஊரார் தம்முள் தண்டிய பொருளைக் கொண்டே அதனை எழுப்பினர். பல ஊர்களில் பண்ணையார் மகனும் பண்ணையாளின் மகனும் பதவி நோக்காது அகர வரிசையில் அடுத்தடுத்து நிற்கின்றனர். சென்றவர் அனைவரும் உயிருடன் மீண்ட ஊர்கள் ஏறத்தாழ ஐம்பதே. அவற்றை 'நன்றியுடைய ஊர்கள்' என்று ஆர்தர் மீ என்னும் எழுத்தாளர் 1930களில் அழைத்தார்.

சர்ரே மாவட்டத்தில் காடல்மிங் நகரை அடுத்துள்ளது பஸ்பிரிட்ஜ் என்னும் ஊர். அதன் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் 1922இல் நிறுவப்பட்ட சிலுவையை வடித்தவர் எட்வின் லட்யன்ஸ். போர்க்கல்லறை ஆணையத்தின் தலைமைக் கட்டடக் கலைஞர் மூவருள் அவர் ஒருவர். போர்க் கல்லறைகளின் மலர்ச்செடிகளுக்கு யோசனை கூறிய தோட்டக்கலை வல்லுநர் கெர்ட்ரூட் ஜெக்கில் அம்மையாரும் 1932இல் மறைந்து அத்தோட்டத்திலேயே அடக்கமானார். அவர் கல்லறையை வடித்தவரும் லட்யன்ஸே.

இந்தப் பெயரை நாம் நன்கறிவோம். புதுதில்லியின் இந்தியா கேட் அவர் படைப்பே. 1921இல் அடிக்கல் நாட்டப்பெற்று 1931இல் திறக்கப்பட்ட அவ்வளைவு 42 மீட்டர் உயரமுடையது. முதல் உலகப் போரில் உயிர் நீத்த இந்தியப் படையினர் 70,000க்கும் மேற்பட்டோர். வளைவில் பொறிக்கப்பட்ட பெயர்களோ 13,000க்குச் சற்று மிகுதி. அவருள் பெரும்பாலோர் வடமேற்கு எல்லைப்புறத்தில் வீழ்ந்தவர்கள்.

மெசபொடேமியக் களத்தில் மாண்டவர்களின் நிலை இன்னும் வருந்தத் தக்கது. சென்னை சாப்பர்ஸ் படையினரும் பொருத களம் அது. அங்குள்ள பாஸ்ரா நினைவுச் சின்னத்தில் ஆங்கிலேயர் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. இந்தியச் சாதாரண வீரர்களுக்கோ படைப்பிரிவின் பெயரும் எண்ணிக்கையுமே கிட்டின. சமத்துவம் என்ற விதி சூயசுக்கு இப்பால் தளர்ந்துவிட்டது. இவ்வேற்றுமைக்காக அவ்வாணையம் 2021ஆம் ஆண்டில் மன்னிப்புக் கோரியது.

நம் ஊர்களிலும் சிற்சில கற்கள் உள்ளன. வேலூர் மணிக்கூண்டில் உள்ள கல்வெட்டு, அவ்வூரினின்று 277 பேர் பெரும்போருக்குச் சென்றனர் என்றும், அவருள் 14 பேர் உயிர் ஈந்தனர் என்றும் கூறுகிறது. அப்பதினால்வர் யாவர், எத்தெருவினர், யார் பெற்ற மக்கள் என்பதைக் கல் கூறவில்லை.

இது நம் மரபுக்கு மாறானது. வீரனுக்குக் கல் கண்டு, நீர்ப்படுத்தி, நட்டு, வாழ்த்தும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006இல் கண்டெடுத்த தமிழ்ப் பிராமி நடுகல், கூடலூர் ஆகோளில் வீழ்ந்த அந்தவன் என்பானின் பெயரை இரண்டாயிரம் ஆண்டுகளாகக் காத்து வந்துள்ளது. செங்கம் வட்டாரத்து எடுத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் தொறு மீட்டு மாண்ட கருந்தேவகத்தியின் பெயரைக் கூறுவதோடு அமையவில்லை. கள்வர் இருவரைக் கடித்து நின்ற அவன் நாய்க்கும் கோவிவன் என்ற பெயர் உண்டென்று பொறித்து வைத்துள்ளது. நாயின் பெயரையும் மறவாத நாட்டில், வேலூர்ப் பதினால்வர் எண்ணிக்கையாகவே நிற்கின்றனர்.

ஊரைப் பிரிந்து வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில் அப்போருக்குச் சென்றவரின் வழித்தோன்றல்கள் இருத்தல் கூடும். பழம்பெட்டியில் வெள்ளிப் பதக்கம் ஒன்று கிடைக்குமாயின் அதன் விளிம்பை நோக்குக. வீரனின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் ஆங்கே பொறிக்கப்பட்டிருக்கும். அதனைப் படித்து, அவர் பிறந்த ஊரின் பெயரோடு எழுதிப் பிள்ளைகள் கையில் கொடுத்தல் வேண்டும். ஆங்கிலச் சிற்றூரார் தம் தேவாலயத் தோட்டத்தில் செய்ததும், நம் முன்னோர் ஊர்ப்புறத்தில் கல் நட்டுச் செய்ததும் அதுவே.